ஓய்ந்த உலையும் ஓயாத நினைவும்

நுழையும்முன்

கோயில்களையும் கோட்டைகளையும் நடுகற்களையும் நாம் வரலாற்றுச் சான்றுகளாகப் போற்றுகிறோம். நம் தெருவில் முதல் மின்விளக்கு எரிவதற்குக் காரணமான ஆலையை அவ்வரிசையில் வைத்து எண்ணுவதில்லை. ஆலை மூடப்பட்டதும் அதன் இரும்பு எடைபோட்டு விற்கப்படுகிறது. சில ஆண்டுகளில் அது நின்ற இடமும் மறந்துபோகிறது. இயங்கி ஓய்ந்த அனல்மின் நிலையம் ஒன்றை நூலைப்போலப் படிக்க முடியும். அதில் அறிவியல் உண்டு, உழைப்பு உண்டு, சிலர் அடைந்த பயனும் சிலர் ஏற்ற இழப்பும் உண்டு. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தை முன்வைத்து அந்த நூலைப் புரட்டிப் பார்ப்போம்.

நீரை நம்பிய மின்சாரம்

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962ஆம் ஆண்டு மின்னாக்கத்தைத் தொடங்கியது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் இறுதியில் அது முழுமையாக ஓய்ந்தது. இடைப்பட்ட 58 ஆண்டுகளில் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் பலவற்றிற்கு மின்கம்பங்கள் சென்றன. கமலை இறைத்த கிணறுகளில் மின்னிறைப்பான்கள் ஓடின. நெசவாலைகளும் சிறுதொழிற்கூடங்களும் பெருகின. இம்மாற்றங்களுக்குப் பின்னால் நின்ற ஆற்றல் மூலங்களுள் இந்நிலையமும் ஒன்று.

இதன் தேவையை உணர அதற்கு முந்தைய நிலையை அறிதல் வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்தில் சொல்லத்தக்க நிலக்கரி வயல் எதுவும் இல்லை. வங்காளம், பீகார் பகுதிகளிலிருந்து தொலைவழியே நிலக்கரியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே மாகாணம் பெரிதும் நீர்மின்சாரத்தையே நாடியது. பைக்காரா 1932இலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் மின்னாக்கத்தைத் தொடங்கின. நீர்மின்சாரம் தூய்மையானது. எனினும் பருவமழை பொய்த்தால் அணை வற்றும். அணை வற்றினால் மின்சாரம் குறையும். உழவுக்கு நீர் மிகத் தேவைப்படும் வறட்சிக் காலத்திலேயே கிணற்றுநீரை இறைக்கும் மின்சாரமும் அற்றுப்போகும். மழையைச் சாராத எரிபொருள் ஒன்று மண்ணிலேயே கிடைக்குமா என்ற வினா அக்காலத்தில் பெருவினாவாக இருந்தது.

கரும்பொருளைக் காட்டிய கிணறு

அவ்வினாவிற்கான விடை அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் செம்மண்ணுக்கு அடியில் கிடந்தது. 1930களில் நெய்வேலிப் பகுதியின் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது நீரோடு கரும்பொருளும் வெளிவந்தது. அதை அவர் அரசின் பார்வைக்குக் கொண்டு சென்றார். நிலவியல் அறிஞர்களின் தொடர் ஆய்வுகள் அது பழுப்பு நிலக்கரி என்பதையும் அதன் பரப்பு மிகப் பெரிது என்பதையும் உறுதி செய்தன.

விடுதலைக்குப் பின்னர் இத்திட்டம் வேகம் பெற்றது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டு மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேலே மூடியிருந்த மண்ணை அகற்றி நிலக்கரிப் படுகையைக் கண்ணால் காண 1961 வரை காத்திருக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டே சோவியத் நாட்டின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் 50 மெகாவாட் திறனுள்ள முதல் அலகு இயங்கியது. 1970க்குள் 50 மெகாவாட் அலகுகள் ஆறும், 100 மெகாவாட் அலகுகள் மூன்றுமாக நிலையத்தின் மொத்தத் திறன் 600 மெகாவாட்டாக உயர்ந்தது.

600 மெகாவாட் என்பதன் அளவைக் கணக்கிட்டு உணரலாம். முழுத்திறனில் ஒரு மணிநேரம் இயங்கினால் அந்நிலையம் 6 இலட்சம் அலகு மின்சாரத்தைத் தரும். இரண்டு திங்களுக்கு 200 அலகு செலவிடும் 3,000 வீடுகளின் தேவைக்கு அது போதுமானது.

மண்ணுக்கு அடியில் நீரின் எதிர்ப்பு

பழுப்பு நிலக்கரி இளமையான நிலக்கரி எனலாம். மிக நெடுங்காலத்திற்கு முன் புதையுண்ட தாவரப் பொருள்கள் மண்ணின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் கரியாக மாறும் நெடுவழியில், கருநிலக்கரி என்னும் நிலையை எட்டும்முன் உள்ள படிநிலை இது. நெய்வேலிக் கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமே. அதனால் அதன் எரிதிறன் குறைவு. தொலைவிடங்களுக்கு அனுப்பினால் பாதி வண்டி நீரைச் சுமந்து செல்வதாக முடியும். குவித்து வைத்தால் தானே வெப்பமேறித் தீப்பற்றவும் கூடும். எனவே கரியைத் தேடி மின்நிலையம் வந்தது. சுரங்கத்தின் விளிம்பிலேயே அது கட்டப்பட்டது.

கரியை எடுப்பதும் எளிதன்று. படுகைக்கு அடியில் இருந்த மணற்பாங்கான அடுக்கில் நிலத்தடி நீர் பேரழுத்தத்தோடு அடைபட்டிருந்தது. மேலுள்ள மண்ணின் எடை நீங்கியதும் அந்நீர் கரிப்படுகையைப் பிளந்துகொண்டு மேலெழுந்து சுரங்கத்தையே மூழ்கடிக்கக்கூடும். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி, இரவு பகலாக நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே கரியை வெட்ட வேண்டும். ஒரு நாள் நிறுத்தவும் இயலாத பணி இது. இறைத்த நீர் மின்நிலையத்திற்குப் பயன்பட்டது. வறட்சிக் காலங்களில் சென்னையின் குடிநீருக்கும் நெய்வேலி நீர் உதவியது. அதே வேளையில், சுற்றுப்புற ஊர்களின் கிணற்று நீர்மட்டம் என்னாகும் என்ற கவலையையும் இவ்விறைப்பு எழுப்பியது.

மேல்மண்ணை அகற்ற வாளிகள் கோத்த பெருஞ்சக்கரம் உடைய அகழ்பொறிகள் செருமனியிலிருந்து வரவழைக்கப்பட்டன. சக்கரம் சுழலும்போது ஒவ்வொரு வாளியும் மண்ணை வாரி நகர்பட்டையில் கொட்டும். மனிதர் அருகில் நின்றால் எறும்புபோல் தோன்றும் அப்பொறிகளை இயக்கவும் பழுதுபார்க்கவும் கற்றவர்களில், அதற்கு முன் ஏர் பிடித்த கைகளும் இருந்தன.

கரி சென்ற வழியே ஒரு நடை

ஓய்ந்த அனல்மின் நிலையம் எதனையும் அறிய எளிய வழி, கரி சென்ற பாதையிலேயே செல்வதுதான்.

முதலில் கண்ணில் படுவது உயர்ந்து சாய்ந்து செல்லும் நகர்பட்டைக் கூடம். அதன் வழியே கரி கொதிகலனுக்கு மேலுள்ள கொள்கலங்களைச் சென்றடையும். அங்கிருந்து அரைவை ஆலைகளில் இறங்கி மாவுபோல் பொடியாகும். ஈரமிகுந்த பழுப்பு நிலக்கரியாயின், உலையிலிருந்தே எடுக்கப்படும் சூடான வளிமத்தைச் செலுத்தி உலர்த்திக்கொண்டே அரைப்பர்.

அடுத்தது கொதிகலன். ‘கலன்’ என்ற சொல் பானையை நினைவூட்டினாலும் அது பல மாடி உயரமுடைய கட்டமைப்பாகும். கரித்தூள் காற்றோடு கலந்து உலைக்குள் பீச்சப்பட்டு எரியும். உலையின் சுவர்களே நீர் ஓடும் குழாய்களால் ஆனவை. குழாய்க்குள் நீர் கொதித்து நீராவியாகும். அந்த நீராவி மேலும் சூடேற்றப்பட்டு, உயர் அழுத்தத்துடன் சுழலியை நோக்கிப் பாயும்.

சுழலிக் கூடம் நிலையத்தின் இதயம். வரிசையாக நிற்கும் சுழலிகளின் அலகுகளில் நீராவி மோத, தண்டு சுழலும். அத்தண்டோடு பிணைந்த மின்னாக்கியும் சுழன்று மின்சாரத்தைத் தரும். இந்திய மின்வலையின் அலைவெண் நொடிக்கு 50. ஆதலின், இத்தகைய சுழலிகளின் தண்டு பொதுவாக நிமிடத்திற்கு 3,000 முறை சுற்றும். வேலை செய்து வெளியேறும் நீராவி, ஒடுக்கியில் குளிர்ந்து மீண்டும் நீராகிக் கொதிகலனுக்கே திரும்பும். அதனைக் குளிர்விக்கப் பயன்பட்டுச் சூடான நீர் வேறொரு சுற்றில் குளிர்விப்புக் கோபுரத்தை அடையும். இடை சிறுத்து நிற்கும் அக்கோபுரம் உள்ளீடற்றது. சூடான காற்று தானே மேலெழ, கீழிருந்து குளிர்காற்று உள்ளே புகும். விசிறி எதுவுமின்றி நீர் குளிரும்.

கட்டுப்பாட்டு அறையில் அழுத்தம், வெப்பநிலை, மின்னழுத்தம் காட்டும் முள்மானிகள் சுவர்முழுதும் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒத்திசைவுகாட்டி குறிப்பிடத்தக்கது. புதிதாக இயக்கப்பெறும் மின்னாக்கியை மின்வலையோடு நினைத்தவுடன் இணைத்துவிட முடியாது. இரண்டின் அலைவெண்ணும் மின்னழுத்தமும் அலையின் ஏற்ற இறக்கமும் ஒத்துவர வேண்டும். ஒத்திசைவுகாட்டியின் முள் மெல்லச் சுழன்று உச்சியை நெருங்கும் கணத்தில் பணியாளர் இணைப்பைக் கொடுப்பார். கணம் தவறினால் பொறியே சேதமுறும். பழைய நிலையங்களில் இத்திறன் மனிதரின் கண்ணிலும் கையிலும் இருந்தது.

இறுதியாகப் புகையின் வழி. உலையிலிருந்து வெளியேறும் புகையில் கலந்த சாம்பலை நிலைமின் வடிகட்டிகள் பிடித்துக்கொள்ள, எஞ்சிய வளிமங்கள் உயர்ந்த புகைபோக்கி வழியே வானில் கலக்கும்.

தெரிந்து தெளிவோம்

குளிர்விப்புக் கோபுரத்தின் வாயிலிருந்து எழும் வெண்படலத்தைப் புகை என்று பலர் கருதுகின்றனர். அது நீராவி குளிர்ந்து உண்டாகும் நுண்ணிய நீர்த்துளிகளின் தொகுதியாகும். கரி எரிந்த புகை, மெலிந்து உயர்ந்த புகைபோக்கி வழியாகவே வெளியேறும். அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் சல்பர் டை ஆக்சைடும் கண்ணுக்குத் தெரியா. எனவே கண்ணுக்குத் தெரியும் வெண்மையைவிடத் தெரியாத வளிமங்களே கவலைக்கு உரியன.

சுழலி உடனே நிற்பதில்லை

மின்நிலையம் மூடப்படுகிறது என்றதும் ஒரு விசையை அழுத்த அனைத்தும் நின்றுவிடும் என எண்ணத் தோன்றும். உண்மை வேறு. உலையில் கரி செலுத்துவதைப் படிப்படியாகக் குறைப்பர். மின்னாக்கியை வலையிலிருந்து பிரிப்பர். சுழலி வேகம் குறைந்துகொண்டே வரும். ஆனால் அதனை அசைவின்றி நிற்கவிடல் ஆகாது. பல நூறு பாகை வெப்பத்தில் இயங்கிய தண்டு சூட்டோடு நின்றால், அதன் மேற்பகுதி கீழ்ப்பகுதியைவிடச் சூடாக இருக்கும். அவ்வேறுபாட்டால் தண்டு வளைந்துவிடும். அதனைத் தடுக்கச் சிறு இயக்கி ஒன்றின் துணையோடு, முற்றும் ஆறும்வரை, தண்டை மெல்ல மெல்லச் சுழற்றிக்கொண்டே இருப்பர். மறுநாள் மீண்டும் ஓடப்போகும் பொறிக்குச் செய்யும் பணிவிடை இது. மீண்டும் ஓடாத பொறிக்கு அப்பணிவிடை தேவையற்றதாகிவிடுகிறது.

இத்தகைய செய்திகள் பொறிகளின் கையேடுகளில் ஓரளவே எழுதப்பட்டிருக்கும். அதிர்வின் ஒலியைக் கேட்டே தாங்கியின் பழுதை உணர்ந்தவர், சுடரின் நிறத்தைக் கண்டே கரியின் ஈரத்தை மதிப்பிட்டவர் ஆகியோரின் அறிவு அவர்களோடு ஓய்வுபெறுகிறது.

ஓய்வு ஏன்?

அனல்மின் நிலையங்களுக்கும் ஆயுள் உண்டு. இடைவிடாத வெப்பமும் அழுத்தமும் குழாய்களையும் தண்டுகளையும் தேயச் செய்கின்றன. பழுதுநீக்கும் செலவு ஏறுகிறது. பழைய நிலையங்களின் செயல்திறனும் குறைவு. 1960களின் பழுப்பு நிலக்கரி நிலையம் ஒன்றில், கரியிலிருந்து வெளிப்படும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே மின்சாரமாகும். ஏனையது புகையோடும் குளிர்விப்பு நீரோடும் வீணாகும். ஓர் அலகு மின்சாரத்திற்கு ஒரு கிலோகிராமுக்கும் மிகுதியான கரி எரிய வேண்டியிருந்தது.

சுற்றுச்சூழல் நெறிகளும் மாறின. அனல்மின் நிலையங்களின் உமிழ்வுகளுக்கு 2015ஆம் ஆண்டு நடுவண் அரசு கடுமையான புதிய வரம்புகளை விதித்தது. முதுமை அடைந்த நிலையங்களில் அவ்வரம்புகளுக்கு ஏற்ற கருவிகளைப் பொருத்துவது பொருளியல் நோக்கில் ஏற்றதாக இல்லை. தமிழ்நாட்டில் 1970களில் முழுமைபெற்ற 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் ஓய்ந்தது. நெய்வேலியில் ஓய்ந்த முதல் நிலையத்திற்கு மாற்றாக, 500 மெகாவாட் அலகுகள் இரண்டினைக் கொண்ட புதிய நிலையம் உருவாக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதுவும் பழுப்பு நிலக்கரியாலேயே இயங்குகிறது. ஆகவே நெய்வேலியில் ஒரு நிலையத்தின் காலம் முடிந்ததேயன்றிக் கரியின் காலம் முடியவில்லை.

உலகளவில் நோக்கினால் அம்முடிவும் சில நாடுகளில் எட்டப்பட்டுவிட்டது. 1882ஆம் ஆண்டு எடிசனின் நிறுவனம் இலண்டனின் ஓல்பர்ன் வயடக்ட் என்னுமிடத்தில் நிலக்கரியால் இயங்கும் மின்நிலையத்தை அமைத்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கியது. 142 ஆண்டுகளுக்குப் பின்னர், 2024 செப்டம்பர் 30 அன்று, ராட்கிளிஃப்-ஆன்-சோர் நிலையம் மூடப்பட்டதோடு பிரித்தானியாவில் நிலக்கரி மின்னாக்கம் முடிவுற்றது.

ஒளியின் விலை

ஓய்ந்த நிலையத்தைப் பற்றிப் பேசுகையில் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. அதனை நாட்டு முன்னேற்றத்தின் கோயிலாக மட்டும் காண்பது ஒன்று. புகை கக்கிய அரக்கனாக மட்டும் காண்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மைகள்.

நெய்வேலியின் வரவுப் பக்கத்தில் மின்சாரம் முதலாவதாக நிற்கிறது. அடுத்து, முந்திரியும் புதரும் நிறைந்திருந்த செம்மண் நிலத்தில் எழுந்த திட்டமிட்ட நகரியம். ‘வட்டம்’ என வழங்கும் பகுதிகளும் நிழல்தரும் சாலைகளும் பள்ளிகளும் மருத்துவமனையும் கொண்ட அந்நகரியத்தில், பல மாநிலத்தவரும் அண்டை வீட்டாராயினர். சோவியத் வல்லுநர்களும் தம் குடும்பத்தாருடன் அங்கு வாழ்ந்தனர். முதல் தலைமுறையாகக் கல்வி பெற்ற பலரின் பிள்ளைகள் அங்கிருந்து பொறியாளர்களாகவும் மருத்துவர்களாகவும் வெளிவந்தனர். 1998 முதல் நடைபெற்ற நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி, ஒரு தொழில்நகரம் படிக்கும் நகரமாகவும் விளங்கியதைக் காட்டும்.

செலவுப் பக்கமும் அதே அளவு கவனத்திற்கு உரியது. சுரங்கத்திற்கும் நகரியத்திற்கும் இடம் தேவைப்பட்டபோது பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. வீட்டையும் வயலையும் மட்டுமின்றிக் குலதெய்வக் கோயிலையும் ஊர்க்குளத்தையும் முன்னோர் உறங்கிய இடத்தையும் அம்மக்கள் விட்டு வந்தனர். நிலத்திற்கு விலை மதிப்பிடலாம். ஊர் என்னும் உறவுக்கு மதிப்பிடுவதற்கு அட்டவணை இல்லை. நிலம் தந்தோரின் மறுவாழ்வு, இழப்பீடு, வேலைவாய்ப்பு பற்றிய வினாக்கள் சுரங்க விரிவாக்கத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் எழுந்தன, இன்றும் எழுகின்றன.

உழைத்தோரின் செலவும் உண்டு. உலை உறங்குவதில்லை, எனவே மனிதரும் முறைவைத்து உறங்க வேண்டியதாயிற்று. தீபாவளி நாளிலும் பொங்கல் நாளிலும் இரவுப் பணிக்குச் சென்றவர்களால்தான் மற்ற வீடுகளில் விளக்கெரிந்தது. வெப்பம், தூசி, பேரிரைச்சல் ஆகியவற்றிடையே நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் பணியாற்றினர். ஒரே உலையின் முன் நின்ற இருவருக்கு ஊதியத்திலும் பாதுகாப்பிலும் வேறுபாடு இருந்ததும் இவ்வரலாற்றின் பகுதியே.

மூன்றாவது செலவு காற்றினுடையது. ஓர் அலகு மின்சாரத்திற்கு ஒரு கிலோகிராமுக்கும் மிகுதியான கார்பன் டை ஆக்சைடை இத்தகைய நிலையங்கள் வெளியிட்டன. அது வானில் நெடுங்காலம் தங்குவது. 1962இல் ஏற்றிய விளக்கின் ஒளி அன்றே மறைந்தது. அதன் கரிமம் இன்னும் முழுமையாக மறையவில்லை. அக்கடனை அடைக்க வேண்டியவர்கள் அவ்விளக்கொளியைக் காணாத தலைமுறையினர்.

உலகம் நினைவுகூரும் முறைகள்

ஓய்ந்த ஆலைகளை என்ன செய்வது என்ற வினாவிற்குப் பல நாடுகள் பல விடைகளைக் கண்டுள்ளன.

இலண்டனில் தேம்சு ஆற்றங்கரையில் நான்கு வெண்ணிறப் புகைபோக்கிகளுடன் நிற்கும் பேட்டர்சீ நிலையம் நிலக்கரியால் இயங்கியது. அதன் முதற்பகுதி 1975இலும் இரண்டாம் பகுதி 1983இலும் ஓய்ந்தன. 1980இல் அது பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாக அறிவிக்கப்பட்டது. எனினும், கூரை அகற்றப்பட்ட நிலையில் நெடுங்காலம் மழையில் நனைந்து கிடந்தது. அரிப்புற்ற புகைபோக்கிகள் பிரிக்கப்பட்டு, பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டன. 2022இல் கடைகளும் அலுவலகங்களும் குடியிருப்புகளும் கொண்ட வளாகமாக அது திறக்கப்பட்டது. பழைய கட்டுப்பாட்டு அறைகளின் மானிகளும் பலகைகளும் காக்கப்பட்டுள்ளன. கட்டடம் பிழைத்தது, ஆனால் கரி அள்ளியவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே குடியிருக்க இயலாத அளவுக்கு அதன் விலை உயர்ந்துவிட்டது என்ற குறையும் கூறப்படுகிறது.

செருமனியின் எசன் நகரிலுள்ள சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. அதன் தொழில் வளாகம் 2001இல் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. கரி கழுவிய கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. அரண்மனையைப் போலவே ஆலையும் மரபுச் செல்வமாகலாம் என்பதற்கு அது சான்று.

எல்லா ஆலைகளையும் இவ்வாறு காத்தல் இயலாது, வேண்டுவதும் இல்லை. பழைய நிலையங்களில் கல்நார் பூசிய குழாய்களும் நச்சுத்தன்மையுள்ள எண்ணெய்களும் துருவேறிய படிகளும் இருக்கக்கூடும். இசைவின்றி அவற்றுள் நுழைவது உயிருக்கே ஊறு விளைக்கும். அவ்விடங்களைத் தூய்மை செய்து, இரும்பை மறுபடி உருக்கி, நிலத்தைப் புதிய பயனுக்கு ஆக்குவதே பலவிடங்களில் முறையானதாகும். கட்டடம் காக்கப்படாத இடங்களில் நினைவைக் காக்கும் பொறுப்பு ஆவணங்களைச் சார்கிறது.

எவற்றை ஆவணமாக்குவது?

நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் உற்பத்தி அளவு இருக்கும், இலாபம் இருக்கும். அவற்றில் இடம்பெறாதவை சில உண்டு. இடம்பெயர்ந்த ஊர்களின் பெயர்கள், தெருக்கள், திருவிழா நாள்கள். ஒத்திசைவுகாட்டியின் முன் நின்று கற்ற நுட்பங்கள். உருசியரிடமும் செருமானியரிடமும் கேட்டறிந்த பொறிப்பெயர்கள், பணியிடத்தில் தமிழ் உருவம் பெற்ற விதம். இரவுப் பணியின் உணவுத்தூக்கு. விபத்தில் உயிர்நீத்தோரின் நினைவு. இவையெல்லாம் இப்போது முதியோரின் நாவில் மட்டுமே வாழ்கின்றன. முதல் அலகு இயங்கிய நாளில் இருபது வயதினராக இருந்தவர், நிலையம் ஓய்ந்தபோது எண்பதை நெருங்கியிருந்தார். பொறிகளைப் பிரித்தெடுக்கக் காலக்கெடு உண்டு; இந்நினைவுகளைக் கேட்டெழுதவும் அதைவிடக் குறுகிய காலக்கெடு உண்டு.

இப்பதிவு பழம்பெருமைக்காக மட்டும் தேவைப்படுவதில்லை. இன்று கதிரொளிப் பூங்காக்களும் காற்றாலைகளும் பெருகி வருகின்றன. அவற்றிற்கும் நிலம் வேண்டும். அங்கும் மேய்ச்சல் நிலத்தை இழப்போர் இருப்பர். ஒப்பந்தத்தில் உழைப்போர் இருப்பர். ஆயுள் முடிந்த தகடுகளையும் அலகுகளையும் என்ன செய்வது என்ற வினாவும் எழும். கரியுகத்தின் வரவையும் செலவையும் நேர்மையாக எழுதிவைத்த சமுதாயமே, அடுத்த யுகத்தின் கணக்கைத் தொடக்கத்திலேயே சரியாகப் போட முடியும். யாருடைய நிலத்தில், யாருடைய உழைப்பில், யாருடைய காற்றைச் செலவிட்டு ஒளி பெற்றோம் என்ற வினாக்களுக்கு விடை எழுதிய பின்னரே ஓர் அனல்மின் நிலையத்தின் பணி உண்மையில் நிறைவடைகிறது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலோ அருகிலோ இயங்கி ஓய்ந்த ஆலை ஒன்றினை (அரைவை ஆலை, நூற்பாலை, சர்க்கரை ஆலை போன்றவை) தேர்ந்தெடுத்து, அதில் பணியாற்றிய முதியவர் ஒருவரிடம் நேர்காணல் நிகழ்த்துக. அவர் பயன்படுத்திய தொழிற்சொற்களை அவர் சொன்னவாறே தொகுத்து எழுதுக.

2. ஒரு பெருந்திட்டத்தின் வரவு, செலவு ஆகிய இரண்டினையும் இருபத்திகளாகப் பிரித்து எழுதி வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. ‘ஓய்ந்த ஆலைகளை அருங்காட்சியகமாக்குவதா, அகற்றுவதா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

கலைச்சொல் அறிவோம்

கொதிகலன் – பாய்லர்
சுழலி – டர்பைன்
மின்னாக்கி – ஜெனரேட்டர்
நகர்பட்டை – கன்வேயர் பெல்ட்
ஒடுக்கி – கண்டென்சர்
மின்வலை – கிரிட்